பெருங்குடிக்குப் பறக்க எவ்வளவு நேரம்?

போன இதழில் பேச்சோடு பேச்சாக, "மதுரைக்கு பிளேனில் போனாலும் அரை நாள் போய்விடுகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்குக் கடிதம் மேல் கடிதம். பாதிப் பேருக்குச் சந்தேகம், மீதிப் பேருக்குக் கோபம். சரி, இந்த மாதம் முழுக்கச் சென்னை – மதுரையே இருக்கட்டும் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் மீனம்பாக்கத்தில் 28 வருஷம் லோடு ஷீட் போட்டவள். எத்தனை பேர், எத்தனை மூட்டை, எவ்வளவு எரிபொருள், எந்த எடை விமானத்தில் எங்கே உட்கார வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் வேலை. பிறந்தது மதுரை பக்கத்துத் திருமங்கலம், குடியிருப்பது பல்லாவரம். மதுரை விமான நிலையம் இருக்கும் இடத்தின் பெயர் பெருங்குடி. ஓ.எம்.ஆர். பெருங்குடி என்று சென்னைக்காரர்கள் குழம்ப வேண்டாம். என் மருமகளே ஒரு முறை குழம்பியிருக்கிறாள்.

கேள்வி: சென்னை – மதுரை விமான தூரம் 417 என்று ஓரிடத்தில் இருக்கிறது, 259 என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. விமானத் துறையில் இருக்கும் நண்பர் 225 என்கிறார். போனில் இருக்கும் மேப் 460 காட்டுகிறது. எதைத்தான் நம்புவது?
– வங்கி ஊழியர், மேலூர்

பதில்: நாலையும் நம்பலாம். மீனம்பாக்கத்துக்கும் பெருங்குடிக்கும் நடுவே வானத்தில் நேராக ஒரு கயிறு கட்டினால் சுமார் 417 கிலோமீட்டர். அதையே தாத்தா காலத்துத் தரை மைலில் சொன்னால் 259, கடல் மைலில் சொன்னால் 225. விமானம் ஓட்டுகிறவர்களும் கீழே இருந்து வழி சொல்கிறவர்களும் பேசுவது கடல் மைலில். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். உங்கள் போன் சொல்லும் 460, விழுப்புரம், திருச்சி வழியாகப் போகும் சாலை. ரயில்வேயைக் கேட்டால் எழும்பூரிலிருந்து 493 என்று ஐந்தாவதாக ஒரு எண் சொல்வார்கள்.

கடல் மைலை ஏன் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? வரைபடத்தைப் பார்த்தே கணக்குப் போட்டுவிடலாம். வடக்கு தெற்காக ஒரு டிகிரியை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கடல் மைல். சென்னை விமான நிலையம் வடக்கே 13 டிகிரி. மதுரை 9 டிகிரி 50 பங்கு. வித்தியாசம் 3 டிகிரி 10 பங்கு, அதாவது 190 கடல் மைல். கிழக்கு மேற்கில் வித்தியாசம் 124 பங்கு. நம் ஊர் அகலாங்கில் கிழக்கு மேற்குப் பங்கு கொஞ்சம் சுருங்கும், நூற்றுக்கு இரண்டு போல. அதைக் கழித்தால் 122. இப்போது பத்தாம் வகுப்பில் படித்த செங்கோண முக்கோணம்தான்: ஒரு பக்கம் 190, ஒரு பக்கம் 122. வர்க்கம் போட்டுக் கூட்டி மூலம் எடுத்தால் 226-க்கு ஒரு நூல் குறைவாக வரும்.

வர்க்கமூலம் போடத் தெரியாத என் தாத்தா இதற்கு வேறு வழி வைத்திருந்தார். கொட்டகைக்கு மூங்கில் வெட்டும்போது சொல்வார்: நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளு, குட்டையில் பாதியைச் சேர், அதுதான் சாய்வு. செய்து பாருங்கள். 190-ல் எட்டில் ஒன்று போனால் 166, 122-ல் பாதி 61, மொத்தம் 227. மூங்கிலுக்குச் சொன்ன கணக்கு மதுரைக்கு ஒன்றரை மைல் வித்தியாசத்தில் கொண்டு போய் விடுகிறது.

கேள்வி: எங்கள் மொட்டை மாடியில் வற்றல் காயப் போடும்போதெல்லாம் தலைக்கு மேல் விமானம். விழுப்புரத்தில் விமான நிலையமே இல்லையே?
– இல்லத்தரசி, விழுப்புரம்

பதில்: அம்மா, தமிழ்நாட்டுப் படத்தை விரித்து, சென்னையிலும் மதுரையிலும் ஸ்கேலை வையுங்கள். கோடு உங்கள் ஊர் மேல் போகும். அங்கிருந்து உளுந்தூர்பேட்டை, அப்புறம் திருச்சி விமான நிலையத்தின் தலைக்கு மேல், அப்புறம் அழகர்மலை ஓரம். இதை முதல் முறை பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நம் ஜி.எஸ்.டி. சாலையும் கிட்டத்தட்ட இதே கோட்டில்தான் போகிறது. அதனால்தான் சாலைக்கும் வான்வழிக்கும் வித்தியாசம் நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டரோடு நின்றுவிடுகிறது. (உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்று இன்னும் கிடக்கிறது. அந்தக் காலத்திலேயே யாரோ ஸ்கேல் வைத்திருக்கிறார்கள் போல.)

விமானங்கள் அந்தக் கோட்டிலேயே தண்டவாளம் போலப் போவதில்லை. வானத்தில் ஐந்தெழுத்துப் பெயர் வைத்த புள்ளிகள் இருக்கின்றன. அவற்றைத் தொட்டுத் தொட்டுப் போகும், கட்டுப்பாட்டு அறை சொன்னால் விலகியும் போகும். உங்கள் தலைக்கு மேல் போவது மதுரை விமானமாக இருக்கலாம், திருச்சி விமானமாக இருக்கலாம், தூத்துக்குடி விமானமாகவும் இருக்கலாம். வற்றலுக்கு ஆபத்தில்லை.

கேள்வி: சென்னையிலிருந்து கோவை தூரமா, மதுரை தூரமா? வீட்டில் பந்தயம்.
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: காரில் போனால் கோவை தூரம், 500 கிலோமீட்டருக்கு மேல். பறந்தால் மதுரை தூரம். சென்னை – கோவை வான்வழி சுமார் 404 கிலோமீட்டர்தான். நடுவே ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை என்று நிற்பதால் சாலையும் ரயிலும் வளைந்து சேலத்துக்கு வருகின்றன. காக்கைக்கு மலை ஒரு பொருட்டில்லை. பந்தயத்தில் இரண்டு பேரும் ஜெயித்ததாக வைத்துக்கொண்டு பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிக்கெட்டில் பயண நேரம் ஒரு மணி இருபது நிமிடம். ஏறியதும் கேப்டன் "ஐம்பது நிமிடத்தில் மதுரை" என்றார். மீதி அரை மணி எங்கே போனது? சீக்கிரம் போய்ச் சேர்ந்ததாகப் பெருமை அடிக்கத்தான் இப்படிப் போடுகிறார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி

பதில்: ஐயா, சந்தேகம் நியாயமானது. உங்கள் சந்தேகத்தில் பாதி உண்மையும் கூட.

டிக்கெட்டில் இருப்பது வானத்தில் இருக்கும் நேரம் கிடையாது. நின்றிருக்கும் விமானத்தின் சக்கரத்துக்குக் கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் திரும்பக் கட்டை வைக்கும் நிமிடம் வரை உள்ள நேரம் அது. கேப்டன் சொன்னது சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடுவது வரை. நடுவில் இருப்பது ஊர்வது. மீனம்பாக்கத்தில் காலை நேரத்தில் ஓடுதள வாசலில் ஆறேழு விமானம் வரிசையில் நிற்கும். ரேஷன் கடை மாதிரிதான், யாரும் முந்த முடியாது. இந்த ஊர்வதற்குப் பத்து நிமிடமும் ஆகும், இருபத்தைந்தும் ஆகும். நிறுவனங்கள் கூடுதலான கணக்கை எடுத்துக்கொண்டு அட்டவணை போடுகின்றன. அதற்கு மேலும் கொஞ்சம் தாராளம் காட்டுவது உண்டு. "நேரத்துக்கு வந்தது" என்ற கணக்கு நன்றாக இருக்க வேண்டாமா!

இதே சென்னை – மதுரைக்கு ஒரு விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடமும், இன்னொன்றில் ஒன்றரை மணியும் போட்டிருப்பார்கள். அது என்ன விமானம் என்பதைப் பொறுத்தது. விசிறி வைத்த ஏ.டி.ஆர். 72 மணிக்கு 500 கிலோமீட்டர் சுமாருக்குப் போகும். ஏர்பஸ் 320 மணிக்கு 830. அப்படியானால் ஏர்பஸ் பாதி நேரத்தில் போய்விட வேண்டுமே என்று கேட்பீர்கள். போகாது. ஏர்பஸ் 30,000 அடிக்கு ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறி முடிக்கவே நூறு கடல் மைல் சுமாருக்கு ஆகிவிடும். இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு வாய்க்கணக்கு உண்டு: ஆயிரம் அடிக்கு மூன்று மைல். 30,000 அடிக்குத் தொண்ணூறு மைல். மொத்தமே 225 மைல் இருக்கும் வழியில் ஏறுவதும் இறங்குவதும் போக மீதி முப்பத்தைந்து மைல். முழு வேகத்தில் நேராகப் பறப்பது ஐந்து நிமிடம்கூட இருக்காது. போதாததற்கு 10,000 அடிக்குக் கீழே எல்லாருக்கும் வேகக் கட்டுப்பாடு, மணிக்கு 250 கடல் மைல். பணிப்பெண்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட்டமாக ஓடுவது இதனால்தான். காபி கொடுத்த கையோடு காலிக் கோப்பைக்குக் கை நீட்டுவார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஏ.டி.ஆர். இவ்வளவு உயரம் ஏறாது, அதனால் ஏறி இறங்குவதில் நேரத்தை விடாது. கடைசியில் இரண்டுக்கும் வித்தியாசம் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எரிபொருளும் குறைவு. இந்த தூரத்துக்கு ஏ.டி.ஆர்.தான் பொருத்தம் என்பது என் கட்சி. அதில் பயணிகள் பின்பக்கக் கதவில் ஏறுவார்கள், சரக்கு முன்பக்கம். பாதிக்கும் குறைவாக ஆள் இருந்தால் எல்லாரையும் ஒரே பக்கம் உட்கார விடக்கூடாது. லோடு ஷீட்டில் எழுதி அனுப்பியும், "ஜன்னலோரம் காலியாகத்தானே இருக்கு" என்று வாக்குவாதம் செய்த எத்தனையோ பேரால் விமானம் கிளம்பத் தாமதமானதுண்டு.

கேள்வி: மதுரை தெற்கே இருக்கிறது. ஆனால் போன வாரம் எங்கள் விமானம் கிளம்பியதும் நேரே கடலுக்குப் போய்விட்டது. அம்மா பயந்து கந்த சஷ்டி சொல்ல ஆரம்பித்துவிட்டார்.
– மென்பொருள் பணியாளர், சோழிங்கநல்லூர்

பதில்: மதியத்துக்கு மேல் கிளம்பியிருப்பீர்கள், சரியா? விமானம் எதிர்க்காற்றில்தான் எழும்பும், எதிர்க்காற்றில்தான் இறங்கும். பட்டம் விட்ட பிள்ளைகளுக்கு இது தெரியும். கோடையில் மதியம் வாக்கில் சென்னைக்குள் கடற்காற்று நுழைந்ததும் விமானங்கள் கிழக்கு நோக்கிக் கிளம்ப ஆரம்பிக்கும். கிண்டி, அடையாறு பக்கம் எழும்பிக் கடலைத் தொட்டு, அப்புறம் வலப்பக்கம் திரும்பித் தெற்கே வரும். காற்று மேற்கே இருந்தால் பம்மல் பக்கம் எழும்பும்.

ஓடுதளத்தின் முகப்பில் பெரிதாக 07 என்றோ 25 என்றோ எழுதியிருக்கும். பத்தால் பெருக்கினால் அது திசை. 07 என்றால் 70 டிகிரி, கிழக்குக்குச் சற்று வடக்கே. மறுமுனையில் 25, அதாவது 250 டிகிரி. மதுரையில் 09-ம் 27-ம். ஆக அங்கே ஓடுதளம் நேர் கிழக்கு மேற்கு. ஆடியில் மேற்குக் காற்று அடிக்கும்போது சென்னை விமானம் கிழக்கிலிருந்து வந்து அப்படியே இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று மாறினால் ஊரைத் தாண்டி மேற்கே போய், திரும்பி வந்து இறங்க வேண்டும். அதற்கு நாலைந்து நிமிடம் கூடும். அம்மாவிடம் சொல்லுங்கள், சஷ்டி எப்போது சொன்னாலும் நல்லதுதான்.

கேள்வி: எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் நன்றாகப் பார்க்கலாம்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், நங்கநல்லூர்

பதில்: இப்படி ஒரு கேள்விக்காகத்தான் கண்ணு இத்தனை மாதம் காத்திருந்தேன்.

சென்னையிலிருந்து போகும்போது வலப்பக்கம், எஃப் சீட். விமானம் தென்மேற்கே போகும், ஆகவே உனக்கு மேற்கே இருப்பதெல்லாம் தெரியும். விழுப்புரம் தாண்டியதும் தொலைவில் நீலமாகக் கல்வராயன். பெரம்பலூர் வாக்கில் பச்சைமலை, அதற்குப் பின்னால் கொல்லிமலை. அப்புறம்தான் விருந்து. காவிரி ஒரு பக்கமும் கொள்ளிடம் ஒரு பக்கமும் பிரிந்து போக, நடுவே ஸ்ரீரங்கம் ஒரு படகு மாதிரி கிடக்கும். தண்ணீர் வரும் காலத்தில் இரண்டு ஆறும் வெள்ளிக் கம்பி. வராத காலத்தில் மணல்தான் வெள்ளையாகத் தெரியும். மதில்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் சதுரம் தெரிகிறதா என்று பார். ஏ.டி.ஆர். என்றால் தாழப் பறப்பதால் இன்னும் நன்றாகத் தெரியும். திருச்சி தாண்டினால் இறங்க ஆரம்பித்துவிடுவார்கள். வலப்பக்கம் சிறுமலை, காலடியில் அழகர்மலை.

கிழக்கிலிருந்து இறங்கினால் வலப்பக்கம் மதுரை நகரம் முழுக்க விரியும். கோயில் விமான நிலையத்துக்கு நேர் வடக்கே பத்து கிலோமீட்டருக்குள்தான். வானம் தெளிவாக இருந்தால் கோபுரங்களை எண்ணலாம். மேற்கே சுற்றி வந்து இறங்கினால் மட்டும் நம் திட்டம் கவிழ்ந்துவிடும், திருப்பரங்குன்றம் இடப்பக்க ஜன்னல்காரருக்குப் போய்விடும். திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ், ஏ சீட் கேள். சாயங்கால விமானம் என்றால் மலைகளுக்குப் பின்னால் சூரியன் விழுவதும் அந்தப் பக்கம்தான்.

கேள்வி: ஆடி மாதம் மதுரைக்குப் போக ஆன நேரத்தை விடத் திரும்பி வர ஏழெட்டு நிமிடம் குறைவாக ஆனது. ஒரே தூரம்தானே?
– துணி வியாபாரி, சௌகார்பேட்டை

பதில்: கடிகாரம் பார்த்துக் குறித்த உங்களை மாதிரி நாலு பேர் எங்கள் அலுவலகத்தில் இருந்திருக்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்போம். அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஏ.டி.ஆர். பறக்கும் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் அந்த மேற்குக் காற்று நன்றாகவே வேலை செய்யும். மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் விமானத்தை 40 கிலோமீட்டர் காற்று எதிர்த்தால் தரைக் கணக்கில் 460, தள்ளினால் 540. 417 கிலோமீட்டரை முதலாவதால் வகுத்தால் 54 நிமிடம், இரண்டாவதால் வகுத்தால் 46. எட்டு நிமிடம் கிடைத்துவிட்டதா?

மேலே போகப் போகக் கதை மாறும். மழைக்காலத்தில் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து நதி மாதிரி ஓடுகிறது. இதை 1950-களில் எடுத்துச் சொன்னவர் இந்திய வானிலைத் துறையில் இருந்த பி. கோட்டீஸ்வரம். நம் மதுரை விமானம் அவ்வளவு உயரம் போவதில்லை.

கேள்வி: பூமி சுற்றுகிறது. அப்படியானால் விமானம் மேலே போய்ச் சும்மா நின்றாலே மேற்கே இருக்கும் ஊர் காலடியில் வந்துவிடுமே?
– ஏழாம் வகுப்பு மாணவன், திண்டுக்கல்

பதில்: நம் ஊர் மணிக்கு 1,600 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுற்றிக்கொண்டிருக்கிறது தம்பி. காற்றும் கூடவே சுற்றுகிறது. இல்லாவிட்டால் தெருவில் நம்மால் நிற்கவே முடியாது. விமானம் அந்தக் காற்றுக்குள் இருக்கிறது. ஓடும் பஸ்ஸுக்குள் நீ குதித்துப் பார், பின் சீட்டிலா விழுகிறாய்? டிரைவர் திட்டினால் என் பெயரைச் சொல்லாதே.

கேள்வி: மதுரை – கோவை நேரடி விமானம் ஏன் இல்லை?
– தொழிற்கூட உரிமையாளர், பல்லடம்

பதில்: நேர்க்கோட்டில் 175 கிலோமீட்டர்தான். ஏறியதும் இறங்க வேண்டும். ஆனால் விமான நிலையத்துக்கு முன்னதாகப் போவது, சோதனை, பெட்டிக்குக் காத்திருப்பது எதுவும் தூரத்துக்குத் தகுந்தபடி குறையாது. ஐந்து மணி நேரப் பஸ்ஸோடு போட்டி போட்டு சீட்டை நிரப்புவது கஷ்டம். சென்னை வழியாகப் போகிறேன் என்றால் 417-ம் 404-ம் சேர்த்து 821 கிலோமீட்டர் பறக்க வேண்டும். பஸ்ஸில் ஏறுங்கள், ஒட்டன்சத்திரத்தில் காய்கறியாவது வாங்கலாம்.

கேள்வி: திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் பக்கம் என்கிறார்களே, எவ்வளவு பக்கம்?
– பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாத்தா, தென்னூர், திருச்சி

பதில்: யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் இடம் பலாலி. திருச்சி விமான நிலையத்திலிருந்து பலாலிக்கு 184 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து கோவைக்கும் அதே 184. ஒன்றுக்கு பாஸ்போர்ட், இன்னொன்றுக்கு பஸ் டிக்கெட், அவ்வளவுதான் வித்தியாசம்! சென்னையிலிருந்து பலாலி சுமார் 356, அதாவது மதுரையை விட 60 கிலோமீட்டர் பக்கம். படத்தில் பாருங்கள், மதுரையும் பலாலியும் ஏறக்குறைய ஒரே கிடைக்கோட்டில் இருக்கின்றன.

இந்த வழி புதிதும் இல்லை. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியதே கொழும்பு பக்கத்து இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான், டகோட்டா விமானத்தில். அப்புறம் எத்தனையோ வருஷம் அந்த வானம் அடைபட்டுக் கிடந்தது. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, நவம்பர் 11-ல் சென்னை விமானம் தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12-ல் மறுபடி ஆரம்பித்தது. தாத்தா, இந்த வழியில் ஓடுவது சின்ன விமானம். பேரப்பிள்ளைகளுக்கு முறுக்கு கட்டும் முன் எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: விமானத்தில் போனாலும் அரை நாள் என்று எழுதியது அபத்தம். மழையோ வெயிலோ, நான் ஒன்றரை மணியில் மதுரையில் இருக்கிறேன். ரயில்வேயிடம் பணம் வாங்கினீர்களா?
– நிறுவன மேலாளர், அண்ணா நகர்

பதில்: ரயில்வேயிடமிருந்து எனக்கு வந்தது மூத்த குடிமக்கள் சலுகை மட்டும்தான், அதையும் 2020-ல் நிறுத்திவிட்டார்கள்.

மழையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சில வருஷம் முன்பு ஒரு கார்த்திகை சாயங்காலம் மதுரையிலிருந்து கிளம்பினேன். சென்னையில் கொட்டுகிறது. வானத்திலேயே முக்கால் மணி நேரம் சுற்றினோம். இதற்கெல்லாம் எரிபொருள் கணக்கு உண்டு. போக வேண்டிய ஊர், அது முடியாவிட்டால் மாற்று ஊர், அதற்கு மேல் 30 நிமிடம் சுற்றுவதற்கு. இதில் கடைசி அரை மணியைத் தொடக்கூடாது. அதனால் திருச்சிக்குத் திருப்பினார்கள். இறக்கி விடவில்லை, உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். வீட்டை விட்டுக் கிளம்பி ஐந்து மணி நேரம் கழித்து நான் மதுரையிலிருந்து 123 கிலோமீட்டர் தள்ளி இருந்தேன். சைக்கிளில் மிதித்திருந்தாலும் மணப்பாறையாவது வந்திருக்கும். அன்று யார் மேலும் தப்பில்லை, மழை மேல் தவிர.

இப்போது வெயில் நாள். போன தை மாதம் திருமங்கலத்தில் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. குறித்து வைத்திருக்கிறேன், லோடு ஷீட் பழக்கம். விமானம் 9.40-க்கு. பல்லாவரம் வீட்டிலிருந்து ஆட்டோ ஏறியது 7.40. விமான நிலையம் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம், ஆனாலும் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் 7.58. உள்நாட்டு விமானத்துக்கும் ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுகிறார்கள், எனவே முன்னாலேயே போய்த்தான் ஆக வேண்டும். பெட்டியைப் போட்டு முடித்தது 8.25, சோதனை முடித்தது 8.50. பஸ்ஸில் ஏற்றி விமானத்துக்குக் கொண்டு போனார்கள். கட்டை எடுத்தது 9.52, தரையை விட்டது 10.08. தரையைத் தொட்டது 10.58. பெட்டி கைக்கு வந்தது 11.22. டாக்சி பிடித்துத் திருமங்கலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியது 12.05. மொத்தம் 4 மணி 25 நிமிடம். அதில் பறந்தது 50 நிமிடம். உங்கள் ஒன்றரை மணியில் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் வரும் நேரம் சேருமா? அண்ணா நகரிலிருந்து வருகிறீர்கள், உங்கள் கணக்கு என்னுடையதை விடக் கூடத்தான் இருக்கும்.

என் தம்பி அன்று இருட்டோடு எழுந்து தாம்பரத்தில் வந்தே பாரத் ஏறினான். மதுரைக்கு ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. ஜங்ஷனில் இறங்கித் திருமங்கலம் பஸ் பிடித்து வந்துவிட்டான். எனக்கும் அவனுக்கும் வீட்டிலிருந்து வீட்டுக்கு இரண்டரை மணி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்கிறேன், விமானம்தான் வேகம். ஆனால் காதுகுத்துக்குக் குறித்த நல்ல நேரம் எனக்காகக் காத்திருக்குமா? நான் போய்ச் சேரும்போது பாட்டுப் பாடி அழுகையை அடக்கி, தொங்கட்டான் மாட்டி, முதல் பந்தி முடிந்திருந்தது. தம்பி வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். "என்னக்கா, பிளேன் லேட்டா?" என்றான். "பன்னிரண்டே நிமிஷம்தான்டா" என்றேன்.